தாளில் ஏறிய நாலு செகண்ட்

நான் பேசுகிற ஆள் இல்லை. எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கக் கூட்டத்தில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, டீ குடித்துவிட்டு, யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதற்குள் எழுந்து வந்துவிடுகிறவள். ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்லிக் கடிதம் வந்தபோதும், அஞ்சாவது படித்தவளுக்கு எதற்கு இந்த வேலை என்று மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். திரும்ப எடுக்க வைத்தது ஒரு ஷேர் ஆட்டோ.

திருவொற்றியூர் தேரடியில் ஏறினேன். உள்ளே மூன்று பெண்கள். போனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்குச் சாமான் அனுப்புகிற பெரிய குடோன் ஒன்றில் வேலை செய்கிறவர்கள். ஒருத்தி மணிக்கட்டை நீவிக்கொண்டே வந்தாள். என்னம்மா என்று கேட்டேன்.

"கையில ஒரு மெஷின் குடுத்துகிறாங்க ஆயா. அடுத்த சாமான் எங்க கீது, எத்தினி செகண்டுல எடுக்கணும், எல்லாம் அதுவே சொல்லும். லேட்டானா கீ கீன்னு கத்தும். உங்க காலத்துல இந்த பேஜாரு இருந்திருக்காது இல்ல?"

"இருந்துச்சும்மா" என்றேன். அதற்குள் நான் இறங்குகிற இடம் வந்துவிட்டது. அவளிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். எங்கள் காலத்தில் அந்த மெஷின் பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு என் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

எனக்குப் பேர் லூர்துமேரி. ராயபுரத்துப் பெண். அப்பா ஹார்பரில் மூட்டை இறக்கினவர். காலில் இரும்பு விழுந்து வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். மூத்தவள் நான். சர்ச்சில் தெரிந்தவர்கள் சொல்லி, லாரி இன்ஜின் செய்கிற அந்தப் பெரிய கம்பெனியில் டெம்பரவரியாகச் சேர்த்துவிட்டார்கள். கம்பெனி பேரை எழுதவில்லை. மலர் படிக்கிற எல்லோருக்கும் தெரியும், மற்றவர்களுக்கு வேண்டியதில்லை.

முதல் நாள் கேட்டுக்குள் போனபோது இது கம்பெனியா ஊரா என்று எனக்குப் புரியவில்லை. இரும்பு உருக்குகிற இடம் உள்ளே. ரப்பர் வேகவைக்கிற இடம் உள்ளே. காக்கி யூனிபாரம் தைக்க பதினோரு டெய்லர்கள் உள்ளே. கேன்டீன், ஆஸ்பத்திரி, கம்பெனிக்கு வேண்டிய பாரங்களை அடிக்க ஒரு அச்சாபீஸ், பஸ்ஸுக்கு ஒரு ஷெட். கேன்டீன் சாம்பாருக்குக் கறிவேப்பிலை மரம் கூட மதிலுக்குள்ளேயே இருந்தது. ஒரு ஆணிக்காகக் கூட இவர்கள் வெளியே போக வேண்டியதில்லை போலிருக்கிறதே என்று நினைத்தேன். பெரிய கம்பெனி என்றால் பெரிய மதில் சுவர் என்றுதான் அன்றைக்கு எனக்குப் பட்டது.

பயிற்சி மூன்று மாதம் என்றார்கள். நாலாவது நாளே கையில் கத்திரியைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள்.

எங்கள் செக்‌ஷனில் நாற்பது பெண்கள். இன்ஜினில் எண்ணெய் கசியாமல் இருக்க ஒரு ரப்பர் வளையம் போடுவார்கள், கைவளையல் அளவு இருக்கும். அச்சில் இருந்து வரும்போது வளையத்தைச் சுற்றிப் பிசிறு இருக்கும். வெளிப்பிசிறை வளைந்த கத்திரியால் நறுக்க வேண்டும், அப்புறம் உள்பிசிறு. பிறகு டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். கடைசியில் இருபது குழி உள்ள தட்டில் அடுக்க வேண்டும். தட்டில் யார் செய்தது என்று நம்பர் சீட்டு.

இதற்கு நடுவில் இன்னொன்றும் செய்வோம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, பக்கத்து சீட்டைப் பார்த்துப் பழகியது. வளையத்துக்குள் ஆள்காட்டி விரலை விட்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுவோம். சில வளையங்களில் உள்பக்கம் மூடின விரிசல் இருக்கும். வெளிச்சத்தில் எத்தனை நேரம் பிடித்தாலும் தெரியாது. விரலில் மட்டும் தலைமுடி ஒட்டியிருக்கிற மாதிரி ஒரு தட்டு தட்டும். அதுவும் கண்ணைத் திறந்திருந்தால் சில நேரம் தப்பிவிடும், மூடினால் தப்பாது. அதனால் நாற்பது பேரும் நிமிஷத்துக்கு மூன்று தடவை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். புதிதாக வருகிறவர்கள் ஏதோ ஜெபக்கூட்டம் என்று நினைப்பார்கள்.

சூப்பர்வைசர் சூசை சார். அவரைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் செக்‌ஷனைப் பற்றிச் சொல்ல முடியாது. ஷிப்டு முழுக்க உட்கார மாட்டார். சந்தோஷமாக இருந்தால் திட்டுவார். "இன்னா மேரி, கத்திரி புடிக்கிறியா, கருவாடு புடிக்கிறியா?" என்றால் அன்றைக்கு எல்லாம் நலம். கோபம் வந்தால் நேர்மாறு, மரியாதை வந்துவிடும். "வாங்கம்மா, உட்காருங்கம்மா, இந்தத் தட்டைக் கொஞ்சம் பார்க்கிறீங்களா?" என்று ஆரம்பித்தால் எல்லோரும் அவரவர் தட்டைத் திரும்பச் சரிபார்ப்போம்.

நான் சேர்ந்து இரண்டாவது வருஷம் கம்பெனி எல்லா செக்‌ஷனுக்கும் நேரம் குறிக்க ஆரம்பித்தது. இத்தனை நாளும் மணிக்குப் பத்து தட்டு என்று வழக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது. இனிமேல் ஒரு ஆபீசர் ஸ்டாப்வாட்ச்சுடன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு அசைவாக எழுதி, தாள் போடுவார். தாளில் இருப்பதுதான் வேலை. தாளில் இருப்பதுதான் நேரம்.

எதற்கு சார் இதெல்லாம் என்று கேட்டார்கள். சூசை சார் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "சின்ன பட்டறையில முதலாளி உன் மூஞ்சப் பாத்து வேல வாங்குவான். இங்க எத்தினி ஆயிரம் மூஞ்சி! எத்தப் பாப்பான்? பெரிய கம்பெனிக்கு கண்ணு கெடையாதும்மா. தாளுதான் கண்ணு. அதுல இல்லாதது அவனுக்குத் தெரியாது."

செக்‌ஷனில் ஒரு ரகசியத் திட்டம் போட்டார்கள். ஆபீசர் வந்தால் மூத்தவர் சைனபு அக்கா எதிரில் உட்கார வைத்துவிட வேண்டும். அக்கா தண்டையார்பேட்டைக்காரர், பதினைந்து வருஷ சர்வீஸ். கத்திரியைக் கீழே போடுவார், மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார், நடுவில் இருமுவார். மணிக்கு எட்டு தட்டுக்கு மேல் தாண்ட விட மாட்டார்.

ஆபீசர் வந்தார். சின்ன வயசு. கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கியது. வந்த அரைமணியில் அவருக்குக் கட்யாரம் என்று பேர் விழுந்துவிட்டது. சைனபு அக்கா தயாராக இருமிக்கொண்டிருந்தார். கட்யாரம் நாற்பது பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராக மூலையில் தலையைக் குனிந்துகொண்டிருந்த என்னிடம் நாற்காலியை இழுத்துப் போட்டார். கெட்டிக்காரர்.

வீட்டில் அப்பா, தம்பிமார் தவிர வேறு ஆண்பிள்ளை அவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவர் என் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார். எனக்குக் காது சுடுகிறது. எப்போது எழுந்து போவார் என்பது ஒன்றுதான் மனசில். கை தானாக ஓடியது. விரலை விட்டுச் சுற்ற வேண்டிய இடம் வந்தது. கண்ணை மூட வேண்டும். இந்த ஆள் இப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படி மூடுவது? தூங்குகிறாள் என்று எழுதிவிட்டால்? அதைவிடப் பெரிசாக, வெட்கம். விரல் விடாமலே வளையத்தைத் தட்டில் வைத்தேன். அடுத்ததையும் வைத்தேன். ஒரு மணி நேரம் அப்படியே போயிற்று. "ரொம்ப நன்றிம்மா" என்று எழுந்து போனார்.

அடுத்த வாரம் தாள் வந்தது. மணிக்குப் பதினாலு தட்டு.

மத்தியானம் கேன்டீனில் நான் உட்கார்ந்ததும் என் பெஞ்சில் இருந்தவர்கள் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். சைனபு அக்கா மட்டும் எதிரில் வந்து நின்றார்.

"இன்னா மேரி, அந்தாளு நேரம் பாக்க வந்தானா, உன்னியப் பொண்ணு பாக்க வந்தானா? இம்மாம் சுறுசுறுப்பு எங்கருந்துமா வந்துச்சு? நாங்க நாப்பது பேரும் உன் கல்யாணத்துக்கு ஓடிகினே வரணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். சாப்பிட முடியவில்லை. தொழிற்சங்கத்து ஆளிடம் போனால், குறித்த நேரத்தை மாற்ற முடியாது, செய்கிற முறை மாறினால்தான் நேரம் மாறும் என்று சட்டம் சொல்லிவிட்டார்.

பதினாலு தட்டு போடாதவர்களுக்கு மெமோ வந்தது. முடியாத வேலையை முடிக்க நாற்பது பேரும் ஒரே வழியைக் கண்டுபிடித்தார்கள். நான் வெட்கத்தில் விட்டதை அவர்கள் அவசரத்தில் விட்டார்கள். ஒரு மாதத்தில் செக்‌ஷனில் கண் மூடுகிறவர் யாரும் இல்லை.

அப்புறம் வந்தது விவகாரம். இன்ஜினை ஓட்டிப் பார்க்கிற இடத்தில் எண்ணெய் கசிந்தது. ஒன்றில் இல்லை, மூன்றில். பிரித்துப் பார்த்தால் வளையத்தில் விரிசல். தட்டுச் சீட்டைத் தேடி எடுத்தார்கள். மூன்றும் சைனபு அக்கா நம்பர். அலட்சியம் என்று எழுதி சஸ்பெண்ட் செய்ய மேனேஜர் சொல்லிவிட்டார், மறுநாள் காலை பத்து மணிக்கு விசாரணை என்று செய்தி வந்தது. எனக்குப் பக்கத்தில்தான் அக்கா உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு யாரையும் கிண்டல் செய்யவில்லை. வளையங்களை எண்ணிக்கொண்டே இருந்தார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அக்கா அலட்சியமாக இல்லை. தாளில் உள்ள அத்தனையும் செய்திருக்கிறார். தாளில்தான் விரல் இல்லை. அது இல்லாததற்குக் காரணம் நான். ஆனால் நான் இன்னும் டெம்பரவரி. என்னை நிரந்தரமாக்கும் கடிதம் அடுத்த மாதம் வர இருந்தது. ஆபீசர் எதிரிலேயே ஒரு மணி நேரம் பார்க்காத வளையத்தைப் பார்த்ததாக வைத்தேன் என்று சொன்னால், சாயங்காலமே கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். வீட்டில் அப்பா, இரண்டு தம்பிகள்.

மறுநாள் காலை ஷிப்டு ஆரம்பித்ததும் சூசை சாரிடம் போய், தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"அப்படிங்களாம்மா?" என்றார்.

மரியாதை.

"நீங்க சொன்னதை யார் கிட்டயாவது சொல்லியிருக்கீங்களாம்மா?"

"இல்லீங்க சார்."

என் முகத்தைப் பார்த்தார். அவர் குரல் மாறியது. "போய் உக்காரு. எனக்கு ஒண்ணும் கேக்கல. வயசாவுது, காது சரியில்ல. உன் பர்மனென்ட் லெட்டர் டைப் அடிக்கப் போயிருக்கு, புரிதா? கஸ்மாலம், வாய மூடிகினு போ."

அவ்வளவு அன்பாக அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. போய் உட்கார்ந்தேன். பத்து மணிக்கு சைனபு அக்கா புர்காவைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். போகும்போது என் தோளில் கை வைத்து, "என் தட்டப் பாத்துக்கோ மேரி" என்றார். கேன்டீனில் அத்தனை பேச்சு பேசியவர். அவர் மேனேஜர் ரூம் கதவைத் தாண்டினபோது நானும் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். எப்படி எழுந்தேன் என்று இப்போதும் தெரியாது.

உள்ளே மேனேஜர், கட்யாரம், சூசை சார். மேஜையில் அந்த மூன்று வளையங்கள், பக்கத்தில் தாள். மேனேஜர் தாளைத் தட்டி, "இதில் இருப்பதை ஒழுங்காகச் செய்திருந்தால் விரிசல் எப்படிப் போகும்?" என்று கேட்டார்.

"அதுல விரல் இல்லீங்க சார்" என்றேன்.

நாலு பேரும் திரும்பினார்கள். சூசை சார் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

சொன்னேன். மொத்தமும் சொன்னேன். கண்ணை மூட வெட்கப்பட்டதையும் சொன்னேன். கட்யாரத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் பார்த்ததைத்தானே எழுத முடியும்? செய்யாததை எப்படி எழுதுவேன்?" என்றார். என்னைக் குற்றம் சொல்கிற மாதிரி இல்லை, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி இருந்தது.

மேனேஜர் நம்பவில்லை. "கண்ணால் தெரியாதது விரலுக்குத் தெரியுமா?"

சூசை சார் ஒரு தட்டு வாங்கிவரச் செய்தார். நல்லது என்று அனுப்ப இருந்த வளையங்கள். அதில் மூன்றை எடுத்துவிட்டு, கசிந்த மூன்றையும் துடைத்து நடுவில் கலந்தார். சைனபு அக்கா சும்மா இருப்பாரா? "கண்ண மூடு மேரி. இங்க யாரும் உன்னியப் பொண்ணு பாக்கல" என்றார். ரூமுக்குள் சிரிப்பு வந்தது. கட்யாரம் கூடச் சிரித்தார். எனக்கும் பயம் கொஞ்சம் விட்டது.

கண்ணை மூடினேன். ஒவ்வொன்றாகச் சுற்றினேன். முடி தட்டினதைத் தனியாக வைத்தேன். முடித்துக் கண்ணைத் திறந்தால் தனியாக நாலு வளையம் இருந்தது.

"மூன்றுதானே கலந்தோம்?" என்றார் மேனேஜர்.

சூசை சார் நாலையும் எடுத்து ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் இழுத்து உள்பக்கத்தை வெளியே திருப்பினார். நாலும் வாய் பிளந்தன. நாலாவது, நல்லது என்று இன்ஜினுக்குப் போக இருந்தது.

கட்யாரம் நான் சுற்றும்போது ஓடவிட்டிருந்த ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தார். "ஒரு வளையத்துக்கு நாலு செகண்ட்" என்றார். தாளை எடுத்து, பேனாவைத் திறந்து, அங்கேயே எழுத ஆரம்பித்தார். இங்கிலீஷில் எழுதியதை எங்களுக்கும் புரிகிற மாதிரி தமிழில் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு, ஆள்காட்டி விரலால், உள்பக்கம் ஒரு முழுச் சுற்று. முறை மாறிவிட்டது. அதனால் நேரமும் மாற வேண்டும். இந்தத் தடவை மூன்று பேரை வைத்துக் குறித்தார், நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு. மணிக்குப் பதினொன்று தட்டு ஆயிற்று. பழைய பத்துக்குப் பதினொன்று; கம்பெனிக்கும் ஒரு தட்டு கிடைத்தது, எங்களுக்கும் மூச்சு கிடைத்தது.

சைனபு அக்கா மேல் இருந்த விசாரணையை விட்டுவிட்டார்கள். எனக்கு மெமோ கொடுத்தார்கள், நிரந்தரக் கடிதம் ஒரு வருஷம் தள்ளிப் போயிற்று. சூசை சார் மேனேஜரிடம் என்ன பேசினார் என்று தெரியாது. வெளியே அனுப்பாமல் விட்டதே அவரால்தான். அந்த ஒரு வருஷமும் சைனபு அக்கா டப்பாவில் எனக்கென்று ஒரு பங்கு இருக்கும். "துன்னு, துன்னு. பொண்ணு பாக்க வர்றவன் எலும்பையா பாப்பான்?" என்பார். எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது முதலில் அவரிடம்தான் போய்ச் சொன்னேன். "நேரம் குறிச்சிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பு எண்ணூர் வரை கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு கம்பெனி மாற ஆரம்பித்தது. முதலில் டெய்லர்கள் போனார்கள், அப்புறம் அச்சாபீஸ். கேன்டீனை கான்ட்ராக்ட் விட்டார்கள். இரும்பு உருக்குவது வெளியே, ரப்பர் வேகவைப்பது வெளியே. மதிலுக்குள் இடம் காலியாகிக்கொண்டே வந்தது, ஆனால் இன்ஜின் மட்டும் முன்னைவிட அதிகமாகப் போயிற்று. பெரிய கம்பெனி என்றால் பெரிய மதில் என்று நினைத்தவளுக்கு அப்போதுதான் புரிந்தது. ஆள் போக வேண்டியதில்லை, தாள் போனால் போதும். எங்கே ஷெட் போட்டு யார் உட்கார்ந்தாலும், தாளைக் கையில் கொடுத்தால் அதே வளையம் வரும். எங்கள் கையில் இருந்ததை எழுதி வாங்கிக்கொண்ட பிறகு எங்கள் கையே வேண்டுமென்று இல்லை. அந்தத் தாளில் ஒரு வரி ஏற நானே நின்றேன் என்பதை நினைத்துச் சில நாள் வருத்தப்பட்டதும் உண்டு. பொய் சொல்ல மாட்டேன்.

எங்கள் செக்‌ஷனையும் மூடினார்கள். பாதிப் பேர் விருப்ப ஓய்வில் போனார்கள். என்னை, கை பழகினவள் என்று, வெளி ஷெட்டுகளைப் பார்வையிட்டு எழுதித் தருகிற வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். பேசவே பயப்படுகிறவளுக்கு ஊர் ஊராகப் போய்ப் பேசுகிற வேலை! ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கும்போது ஆபீசில் ஒரு பாரம் கொடுத்தார்கள். செலவு குறைக்க எந்த வேலையைத் தாளில் இருந்து எடுக்கலாம் என்று ஒவ்வொரு ஷெட்டிலும் பார்த்து எழுத வேண்டும்.

எண்ணூர் முகத்துவாரக்குப்பம் பக்கம் ஒரு தகர ஷெட். உள்ளே ஆறு பெண்கள். நான் நுழைந்தபோது ஆறு பேரும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒரு நிமிஷம் அப்படியே வாசலில் நின்றுவிட்டேன். சுவரில் பிளாஸ்டிக் கவருக்குள் தாள் தொங்கியது. கட்யாரம் எழுதிய அதே வரி, தமிழில்.

ஷெட்காரர் வாட்டசாட்டமான ஆள், பேச்சுக்காரர். ஸ்டூல் போட்டு, குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்து ஆரம்பித்தார்.

"யக்கா, எல்லாம் சோக்கா போய்கினு கீது. இந்த நாலு செகண்டு ஒண்ணுதான் பேஜாரு. கண்ண மூடிகினு வெரல வுட்டு சுத்தறதாம்! கம்பெனியில எந்த அறிவாளி எழுதி வச்சான்னே தெரில. அத்த எடுத்துட்டா மணிக்கு மூணு தட்டு கூட ஓட்டுவாங்க இந்தப் பொம்பளைங்க. அந்த பாரத்துல ஒரு வரி எழுதி வுட்ரு யக்கா. அவனவன் ஏசி ரூம்ல குந்திகினு எழுதறான், இங்க வந்து எவன் பாக்கறான்?"

கத்திரிச் சத்தம் நின்றது. ஆறு பேரும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்கள். எனக்கு வழக்கம் போலக் காது சுட்டது. பாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

"அத்த எழுதி வச்சது நான்தான்" என்றேன். "எடுக்க மாட்டேன்."